சாம்பாரில் எவ்வளவு பருப்பு போடுகிறீர்கள்?

கேள்வி: திருப்பூரில் பனியன் கம்பெனியில் தையல் வேலை பார்க்கிறேன். கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். மகன் அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறான், கபடி ஆடுகிறான். மாமியாருக்கு 64 வயது. முடி உதிர்கிறது, எந்நேரமும் அசதியாக இருக்கிறது என்று டாக்டரிடம் போனேன். புரதம் போதவில்லை, பாதாம், பனீர் சாப்பிடுங்கள் என்றார். கால் கிலோ பாதாம் வாங்கியதிலேயே அந்த மாதம் கையைக் கடித்துவிட்டது. மகன் வேறு புரதப் பவுடர் கேட்கிறான். எங்கள் வீட்டில் காலையில் இட்லி அல்லது தோசை. மதியம் சோறு, சாம்பார் அல்லது புளிக்குழம்பு, ரசம், ஒரு பொரியல். இரவு மிச்சச் சோறு அல்லது தோசை. வாரம் இரண்டு நாள் முட்டை, ஞாயிறு கோழி. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதலாகச் செலவு செய்ய முடியாது. என்ன செய்யலாம்?

பதில்: பாதாமை முதலில் மறந்துவிடுங்கள். அது கெட்ட பொருள் இல்லை, ஆனால் புரதத்துக்காக வாங்க வேண்டிய பொருளும் இல்லை. உங்கள் வீட்டுக்குத் தேவையான புரதம் நீங்கள் வழக்கமாகப் போகும் மளிகைக் கடையிலேயே இருக்கிறது. அளவுதான் குறைகிறது. எவ்வளவு குறைகிறது என்பதைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் வேண்டும். 65 கிலோ ஆணுக்கு 54 கிராம், 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம் என்று வரும். உங்கள் மகன் வயதுப் பையன்களுக்கு 45 கிராம். வயதானவர்களுக்குத் தசை கரைவதால் கிலோவுக்கு ஒரு கிராம் கொடுப்பது நல்லது. மாமியாருக்கு 55 என்று வைத்துக்கொள்வோம். நான்கு பேருக்கும் சேர்த்து நாளைக்கு 200 கிராம். நம்மைப் போலச் சோற்றை நம்பிச் சாப்பிடுகிறவர்கள் இதற்குக் கொஞ்சம் மேலேயே குறி வைக்க வேண்டும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன். 225 என்று வையுங்கள்.

இப்போது வரவு. நான்கு பேர் வீட்டில் இட்லி அரிசியும் சேர்த்து நாளைக்கு ஒன்றேகால் கிலோ அரிசி செலவாகும் என்றால், அதிலிருந்தே 100 கிராம் புரதம் வந்துவிடுகிறது. பலர் இதை நம்பமாட்டார்கள். அரிசியில் புரதமே இல்லை என்று நினைக்கிறார்கள். வேகவைக்காத 100 கிராம் அரிசியில் கிட்டத்தட்ட 8 கிராம் இருக்கிறது. மாவில் சேரும் 75 கிராம் உளுந்து 17 கிராம் தருகிறது. டீக்கும் தயிருக்கும் ஆகும் அரை லிட்டர் பாலில் 16. சாம்பார் வைக்கும் நாளில் 150 கிராம் துவரம் பருப்பு போட்டால் 32. ஆக மொத்தம் 165.

இது சாம்பார் நாளின் கணக்கு. புளிக்குழம்பு நாளில் அந்த 32 கிராம் அப்படியே போய், 133இல் நிற்கிறீர்கள். உங்கள் வீட்டின் பெரிய ஓட்டை இதுதான். ஆலோசனைக்கு வருகிற பலரிடமும் நான் கேட்கும் முதல் கேள்வி, "வாரத்தில் எத்தனை நாள் பருப்பில்லாத குழம்பு?" என்பதுதான். நான்கு நாள் என்று பதில் வரும். சாம்பார் வைக்கிற நாளிலும், பருப்பு விலை ஏறும்போது நாம் சத்தமில்லாமல் செய்வது என்ன? பருப்பைக் குறைத்துத் தண்ணீரைக் கூட்டுகிறோம். சாம்பார் அதே நிறத்தில், அதே மணத்தில்தான் இருக்கும். புரதம் மட்டும் பாதியாகியிருக்கும்.

அதனால் நாளையிலிருந்து பருப்பைக் கண்ணளவில் போடாதீர்கள். ஒரே டம்ளரை அளவுக்கென்று ஒதுக்குங்கள். மளிகைக் கடைத் தராசில் ஒருமுறை அந்த டம்ளர் நிறையப் பருப்பு எத்தனை கிராம் நிற்கிறது என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உளுந்தையும் சேர்த்து, தலைக்கு நாளைக்கு 85 கிராம் பருப்பு, பயறு வகை என்பது இலக்கு. முட்டை, மீன், கறி சாப்பிடும் நாளில் அதில் கொஞ்சம் குறையலாம்.

இனி விலை. ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும் என்பதால் நான் எடுத்துக்கொண்ட விலையையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடை விலையை வைத்து மாற்றிக்கொள்ளுங்கள். கிலோ 90 ரூபாய்க்குக் கொள்ளு கிடைத்தால் 10 கிராம் புரதத்துக்கு ஆகும் செலவு 4 ரூபாய் சொச்சம். கருப்புக் கொண்டைக்கடலை 100 ரூபாய் என்றால் 5 ரூபாய் 30 காசு. நிலக்கடலைப் பருப்பு 150 என்றால் 6 ரூபாய் சொச்சம். துவரையும் அதே விலை என்றால் 7. முட்டை ஆறரை ரூபாய் என்றால் 11. பால் லிட்டர் 40 என்றால் 12, 13. பனீர் கிலோ 400 என்றால் 21. பாதாம் 40 ரூபாயை ஒட்டி வரும். புரதப் பவுடரும் பெரும்பாலும் பனீரைவிடக் கூடுதல்தான். டாக்டர் சொன்ன இரண்டு பொருளும் பட்டியலின் அடியில் கிடப்பதைப் பாருங்கள். எல்லாவற்றிலும் மலிவு மீல்மேக்கர் என்று நாம் சொல்லும் சோயா உருண்டை. கிலோ 150 என்றாலும் 10 கிராமுக்கு 3 ரூபாய்தான். வாரம் இரண்டு முறை குருமாவில் போடலாம். சோயா சாப்பிட்டால் ஆண்மை குறையும் என்று பையன்கள் மத்தியில் ஒரு பேச்சு இருக்கிறது. உணவாகச் சாப்பிடும் அளவில் அப்படி எதுவும் நிகழ்வதாக ஆய்வுகள் காட்டவில்லை.

புரத அட்டவணைகளைப் பார்த்து ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கொண்டைக்கடலையில் 19 கிராம் என்று போட்டிருந்தால் அது காய்ந்த கடலை 100 கிராமுக்கு. ஊறவைத்து அவித்தால் எடை இரண்டு மடங்குக்கு மேலாகிவிடும். 100 கிராம் சுண்டலில் எட்டு, ஒன்பது கிராம்தான் இருக்கும். எப்போதும் ஊறவைக்கும் முன் அளந்து கணக்கிடுங்கள்.

கொங்குச் சமையலுக்கு நடுவில் இருந்துகொண்டு நீங்கள் புரதத்துக்குத் திண்டாடுவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கொள்ளுப் பருப்பு கடைவது, பச்சைப்பயறு கடைவது, தட்டைப்பயறுக் குழம்பு, அரிசிம்பருப்புச் சோறு எல்லாம் உங்கள் மாமியாருக்குக் கைவந்த சமையலாக இருக்கும், அவரிடமே கேளுங்கள். கொள்ளை வேகவைத்த தண்ணீரை இறுத்து ரசம் வைத்துவிட்டு, பருப்பை மிளகாய், சீரகம், பூண்டு சேர்த்துக் கடைந்தால் ஒரே வேலையில் இரண்டும் முடிந்துவிடும். வெறும் ரசத்தை மட்டும் குடித்துவிட்டுக் கொள்ளு சாப்பிட்டதாக நினைக்கக் கூடாது. புரதத்தில் பெரும்பகுதி பருப்பில்தான் நிற்கும். புளிக்குழம்பை நிறுத்தச் சொல்லவில்லை. அதில் 150 கிராம் தட்டைப்பயறோ மொச்சையோ ஊறவைத்துப் போடுங்கள். 30 கிராம் புரதம் கூடி, சாம்பார் நாளுக்குச் சமமாகிவிடும்.

காலைச் சட்னியிலும் ஒரு மாற்றம் வேண்டும். தேங்காயில் புரதம் சொற்பம். அதைப் பாதியாக்கி, வறுத்த நிலக்கடலையோ பொட்டுக்கடலையோ சேர்த்து அரையுங்கள். நான்கு இட்லியில் ஏழெட்டு கிராம்தான் இருக்கும். ஒரு கைப்பிடி, அதாவது 30 கிராம் நிலக்கடலை அதே ஏழு கிராமைத் தரும். பூசணம் பிடித்த, சுருங்கிய, கசக்கிற கடலையை மட்டும் தயங்காமல் தூக்கிப் போடுங்கள். அதில் சேரும் பூஞ்சை நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது.

அரிசியை நம்புகிறவர்கள் கொஞ்சம் கூடுதலாகக் குறி வைக்க வேண்டும் என்றேன். புரதம் என்பது பல அமினோ அமிலங்கள் கோத்த சரம். அரிசியில் லைசின் என்ற மணி குறைவு. பருப்பில் அது ஏராளம். ஆனால் அரிசியில் போதுமான அளவு உள்ள மெத்தியோனின் பருப்பில் குறைவு. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டும். இட்லி, பொங்கல், அடை, பருப்புச் சோறு எல்லாம் இந்தக் கூட்டணிதான். ஒரே கவளத்தில் சேர வேண்டியதில்லை. ஒரே நாளுக்குள் இரண்டும் உள்ளே போனால் போதும். கூட்டணி பலிக்க, மூன்று பங்கு தானியத்துக்கு ஒரு பங்கு பருப்பாவது இருக்க வேண்டும். உங்கள் வீட்டில் சாம்பார் நாளில்கூட ஐந்தரைக்கு ஒன்று என்று இருக்கிறது. தட்டில் ஒரு கரண்டிச் சோற்றைக் குறைத்து ஒரு கரண்டிச் சுண்டலை வையுங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

மகன் விஷயம். பவுடர் விஷமில்லை, ஆனால் அவனுக்கு அது தேவையில்லை. கடுமையாகப் பயிற்சி செய்யும் 50 கிலோ பையனுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் போதும். அதைச் சாப்பாட்டிலேயே கொடுத்துவிடலாம். பள்ளிச் சத்துணவில் முட்டை போடுகிறார்கள். அவன் அங்கே சாப்பிடுகிறானா, நண்பர்களோடு சேர்ந்து அதைத் தவிர்த்துவிட்டு வெளியே தின்பண்டம் வாங்குகிறானா என்று விசாரியுங்கள். கபடி முடிந்து வந்ததும் ஒரு கைப்பிடி அவித்த நிலக்கடலையும் வாழைப்பழமும் கொடுங்கள். வயிறு நிறையச் சோறும் சாப்பிட வேண்டும். மொத்த உணவு குறைந்தால், உடம்பு புரதத்தையே எரிபொருளாக்கிவிடும். பாலில் கலக்கும் இனிப்பு மால்ட் மாவு ஏதாவது வாங்குகிறீர்கள் என்றால் டப்பாவைத் திருப்பிச் சர்க்கரை அளவைப் பாருங்கள். இரண்டு கரண்டி மாவைவிட அது கலக்கும் ஒரு டம்ளர் பாலில்தான் புரதம் அதிகம்.

மாமியாருக்குச் சுண்டல் மெல்ல முடியாவிட்டால் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்துக் கொடுங்கள். தயிர், முட்டையும் நல்லது. மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுப்பது முக்கியம். வயதானவர்கள் இரவில் வெறும் ரசம் சோற்றோடு நிறுத்திக்கொள்வது வழக்கம். அந்த வேளைதான் வீணாகிறது. ஆனால் அவருக்குச் சர்க்கரை நோயோ ரத்தக் கொதிப்போ இருந்தால், புரதத்தைக் கூட்டும் முன் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை செய்துவிடுங்கள். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. மருத்துவர் சொல்லும் அளவே சரி.

உங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அசதிக்கும் முடி உதிர்வதற்கும் இரும்புச்சத்துக் குறைவும் தைராய்டும்கூடக் காரணமாகலாம். ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்காமல் பழியைப் புரதத்தின் மேல் மட்டும் போடாதீர்கள். இன்னொன்று, நீங்கள் கடைசியில்தான் சாப்பிடுவீர்கள் என்று நினைக்கிறேன். எல்லோரும் எழுந்த பிறகு மிஞ்சுவது தண்ணீரான குழம்பும் சோறும்தான். சுண்டலையும் முட்டையையும் நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு அதுவும் ஒரு காரணம். அவற்றை எண்ணிப் பிரிக்கலாம். பரிமாறத் தொடங்கும் முன்பே நான்கு கிண்ணத்தில் போட்டு உங்கள் கிண்ணத்தை மூடி வையுங்கள்.

வாயுத் தொல்லைக்குப் பயந்துதான் பலர் பயறுகளை விட்டுவிடுகிறார்கள். இரவு முழுவதும் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் குக்கரில் நன்றாக வேகவிடுங்கள். இஞ்சி, பூண்டு, பெருங்காயம் சேருங்கள். முதல் வாரமே முழு அளவுக்குப் போகாமல் இரண்டு வாரத்தில் மெல்லக் கூட்டினால் குடல் பழகிவிடும்.

அடுத்த மாத மளிகைச் சீட்டில் கூடுதலாக எழுத வேண்டியது இது: கருப்புக் கொண்டைக்கடலை ஒன்றரைக் கிலோ, தட்டைப்பயறு ஒன்றரைக் கிலோ, கொள்ளு ஒரு கிலோ, நிலக்கடலைப் பருப்பு இரண்டு கிலோ. தட்டைப்பயறை 110 ரூபாய் என்று வைத்தால் 705 ரூபாய் ஆகிறது. முட்டையை வாரம் இரண்டு நாளிலிருந்து நான்கு நாளாக்கினால் மாதம் 34, 35 முட்டை கூடும். அதற்கு 225 ரூபாய். மொத்தம் 930. ரேஷனில் 30 ரூபாய்க்குத் தருகிற ஒரு கிலோ துவரம் பருப்பை ஒரு மாதமும் விடாமல் வாங்கிவிடுங்கள்.