சார்ட் பேப்பரில் 46 பாயின்ட்: எஃப்.எம்.இ.ஏ.வை எங்கே தொடங்குவது?

கேள்வி: கோவையில் டேபிள் டாப் கிரைண்டர் செய்யும் சின்ன யூனிட்டில் டிசைன் வேலை பார்க்கிறேன். புதிய 2 லிட்டர் மாடலுக்காக நாலு பேர் உட்கார்ந்து, மனதில் பட்டதையெல்லாம் சார்ட் பேப்பரில் எழுதினோம். 46 பாயின்ட் வந்தது. பெல்ட் டென்ஷன், வோல்டேஜ், ஆயில் சீல், பேரிங் சத்தம், கழுவ எளிது, மோட்டார் சூடு, காய்ந்த மாவு என்று எல்லாம் கலந்து கிடக்கிறது. எங்களிடம் வாங்கப்போகிற கம்பெனி டிசைன் எஃப்.எம்.இ.ஏ. (எது எப்படிப் பழுதாகலாம், அதன் விளைவு என்ன, காரணம் என்ன என்று முன்கூட்டியே அலசும் அட்டவணை) கேட்கிறது. 46ஐயும் எக்ஸெல் படிவத்தில் ‘பழுது’ என்ற கட்டத்தில் போட்டேன். பாதிக்கு மேல் அடுத்த கட்டத்தில் என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. எப்படிப் பிரிப்பது?

பதில்: அந்த இடத்தில் நீங்கள் நின்றுவிட்டது நல்லது. பலர் ஏதோ ஒன்றை எழுதிக் கட்டங்களை நிரப்பி அனுப்பிவிடுவார்கள். உங்கள் 46 பாயின்ட்டில் எல்லாமே பழுதுகள் அல்ல. பெல்ட் டென்ஷன் நீங்கள் தீர்மானிக்கிற அளவு. வோல்டேஜ் உங்கள் கையில் இல்லாதது. கழுவ எளிதாக இருப்பது வாங்குபவரின் தேவை. பேரிங் சத்தம், ஏற்கெனவே ஏதோ கெட்டுப்போனதால் காதில் விழுகிற விளைவு. அரிசி, பருப்பு, உப்பு, புளி எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கொட்டினால் முதல் வேலை பிரிப்பதுதானே?

பிரிக்க எக்ஸெல் வேண்டாம். ஒவ்வொரு பாயின்ட்டையும் ஒரு சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கார் கம்பெனிகளில் பி டயக்ராம் என்று ஒரு படம் போடுவார்கள், அதைச் சுவரில் வரையுங்கள். நடுவில் ஒரு பெட்டி, அது கிரைண்டர். இடப்பக்கம் உள்ளே போவது: ஊறிய அரிசி, தண்ணீர், கரண்ட். வலப்பக்கம் வெளியே வரவேண்டியது: மாவு. பெட்டிக்குக் கீழே நாம் தீர்மானிப்பவை: புல்லி விட்டம், சீலின் ரப்பர், ஷாஃப்ட்டின் பாலிஷ். மேலே நம் கையில் இல்லாதவை. வலப்பக்கம் கீழ்மூலையில் வேண்டாமல் வெளியே வருபவை: சூடு, சத்தம், கசிவு. 46 சீட்டையும் இந்த இடங்களில் ஒட்டுங்கள். எங்கேயும் ஒட்டாத சீட்டு நாலைந்து மிஞ்சும். நிறம், விலை மாதிரியானவை அவை. தனியே எடுத்து வையுங்கள், கிழித்துப் போடாதீர்கள்.

ஒட்டி முடித்ததும் மேல்பகுதியைப் பாருங்கள். அநேகமாக அங்கேதான் சீட்டு குறைவாக இருக்கும். டிசைன் செய்கிறவர்கள் கூடிப் பேசினால் தாங்கள் தீர்மானிப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். அதனால் ஐந்து கேள்வியை வலிந்து கேளுங்கள். ஒரு பீஸுக்கும் இன்னொரு பீஸுக்கும் என்ன மாறும்? நாளாக ஆக என்ன தேயும், என்ன இறுகும்? வீட்டில் எப்படியெல்லாம் கையாளுவார்கள்? சுற்றுப்புறம் எப்படி இருக்கும்? பக்கத்தில் இருக்கும் பாகம் இதற்கு என்ன செய்யும்? இன்னும் பதினைந்து சீட்டாவது சேரும்.

மேல்பகுதியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஆரம்ப காலத்தில் நான் இருந்த ஒரு போர்வெல் பம்பு கம்பெனியில் இதே மாதிரி கூட்டத்தில் ஒருவர் ‘மணல்’ என்று மட்டும் ஒரு சீட்டு எழுதினார். அது பழுதும் இல்லை, பாகமும் இல்லை என்று ஒதுக்கிவிட்டோம். அடுத்த கோடையில், தண்ணீரோடு வந்த மணலால் புஷ் (ஷாஃப்ட்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்த பம்புகள் வரிசையாகத் திரும்பி வந்தபோது எல்லோருக்கும் அந்தச் சீட்டு ஞாபகம் வந்தது. அதை வைக்க எங்களிடம் ஓர் இடம் இல்லாமல் போனதுதான் தவறு.

சரி, பழுது எங்கிருந்து வரும்? சீட்டிலிருந்து நேராக வராது, வேலையிலிருந்து வரும். ஒவ்வொரு பாகமும் என்ன வேலை செய்யவேண்டும் என்று வினைச்சொல்லோடு, முடிந்தால் அளவோடு எழுதுங்கள். ‘பெல்ட் டிரைவ்’ என்பது வேலை அல்ல. ‘முழு டிரம் மாவோடு, 180 வோல்ட்டிலும் வழுக்காமல் டிரம்மைச் சுற்றவைத்தல்’ என்பது வேலை. எழுதியதும் அந்த வாக்கியத்தையே பல விதமாக உடைத்துப் பாருங்கள்: அறவே செய்யவில்லை, குறைவாகச் செய்கிறது, விட்டுவிட்டுச் செய்கிறது, நாளடைவில் செய்யாமல் போகிறது, கேட்காததைச் செய்கிறது. இவைதான் பழுதுபடும் விதங்கள். இப்படி வந்ததற்கு மட்டும் ‘பழுது’ கட்டத்தில் இடம் கொடுங்கள்.

காரணம் எங்கே கிடைக்கும் என்றால், படத்தில் கீழே இருக்கும் ஒரு சீட்டும் மேலே இருக்கும் ஒரு சீட்டும் சந்திக்கிற இடத்தில். உங்கள் மூளைக்கசக்கல் முழுக்கப் பயன்படுவது இங்கேதான். ‘வோல்டேஜ்’ தனியாகக் காரணம் ஆகாது, ‘மோட்டார் தேர்வு’ம் ஆகாது. இண்டக்ஷன் மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் 180க்கு இறங்கினால் விசை ஏறக்குறைய 61 சதவீதம்தான் மிஞ்சும். ‘230 வோல்ட்டுக்கு மட்டும் கணக்குப் பார்த்து மோட்டாரைத் தேர்ந்தெடுத்ததால், 180 வோல்ட்டில் முழு டிரம்மைச் சுற்றும் விசை போதவில்லை’ என்று எழுதினால் அது காரணம். அதைப் படித்தவுடனே என்ன செய்யவேண்டும் என்பதும் தெரிந்துவிடுகிறது.

ஒரே ஒரு வரியை முழுசாகப் போட்டுக் காட்டுகிறேன். உங்கள் பட்டியலில் ஆயில் சீல், காய்ந்த மாவு, பேரிங் சத்தம் என்ற மூன்றும் தனித்தனியாக இருக்கின்றன. மூன்றும் ஒரே வரியின் வெவ்வேறு கட்டங்கள். வேலை: அடிப்பாகத்தின் மேல் சிந்தும் தண்ணீரும் மாவும் ஷாஃப்ட் ஓரமாகக் கீழே இறங்காமல் தடுத்தல். பழுதுபடும் விதம்: நாளடைவில் தடுக்காமல் போகிறது. விளைவை மூன்று படியாக எழுதுங்கள். முதலில் பேரிங்கின் கிரீஸ் கரைந்து துரு பிடிக்கும். அப்புறம் சத்தம் வரும், டிரம் இழுத்து இழுத்துச் சுற்றும், அரைக்க நேரமாகும். தண்ணீர் இன்னும் இறங்கி மோட்டாரின் ஒயர் இணைப்பைத் தொட்டால், எர்த் இல்லாத வீட்டில் பாடியைத் தொடுகிறவருக்கு ஷாக் அடிக்கும். காரணம்: அரைத்தபின் துடைக்காமல் விட்ட மாவு ஷாஃப்ட்டில் காய்ந்து உப்புத்தாள் மாதிரி ஆகிறது, நாம் தேர்ந்தெடுத்த சீலின் மெல்லிய ரப்பர் உதடு அதில் உரசித் தேய்கிறது. பழைய மாடலில் கழற்றிய சீல் ஒன்றை லென்ஸ் வைத்துப் பாருங்கள். உதட்டோரம் கோடு கோடாகத் தேய்ந்திருந்தால் இந்தக் காரணத்துக்கு உங்களிடம் சாட்சி இருக்கிறது. ரப்பர் இறுகி வெடித்திருந்தால் காரணம் வேறு, இன்னொரு வரி போடவேண்டும்.

பிறகு மார்க். தீவிரம், நிகழும் வாய்ப்பு, கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்ற மூன்றுக்கும் 1 முதல் 10 வரை. தீவிரத்துக்கு அந்த வரியின் மிக மோசமான விளைவைத்தான் எடுக்கவேண்டும். இங்கே ஷாக் இருப்பதால் 10, அதைப் பேரம் பேசிக் குறைக்காதீர்கள். பழைய வழக்கப்படி மூன்றையும் பெருக்கி ஆர்.பி.என். (எதை முதலில் கவனிப்பது என்று காட்டும் எண்) போடுவார்கள். அதில் ஒரு பொறி இருக்கிறது. சீல் வரிக்கு 10, 4, 2 கொடுத்தால் 80 வருகிறது. டிரம்மில் கீறல் விழுவதற்கு 3, 6, 5 கொடுத்தால் 90 வருகிறது. பெருக்கலை மட்டும் நம்பினால் ஷாக்கை விட்டுவிட்டுக் கீறலைத் துடைத்துக்கொண்டிருப்போம். 2019இல் கார் தொழில் அமைப்புகளான அமெரிக்காவின் ஏ.ஐ.ஏ.ஜி.யும் ஜெர்மனியின் வி.டி.ஏ.வும் சேர்ந்து வெளியிட்ட கையேடு பெருக்கலை எடுத்துவிட்டு, தீவிரத்துக்கு முதலிடம் தரும் அட்டவணையை வைத்தது. அதன்படி சீல் வரி ‘உயர்’ முன்னுரிமை, கீறல் வரி ‘தாழ்’ முன்னுரிமை. உங்களிடம் கேட்டிருக்கும் கம்பெனிக்கு ஏ.ஐ.ஏ.ஜி.யின் பழைய 2008 பதிப்பின் ஆர்.பி.என். படிவம் வேண்டுமா, இந்தப் புதிய முறை வேண்டுமா என்று இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். எதுவாக இருந்தாலும் தீவிரம் 9, 10 உள்ள வரிகளை முதலில் பாருங்கள்.

கண்டுபிடிக்கும் வழி என்ற கட்டத்தில் ‘க்யூ.சி. பார்ப்பார்’ என்று எழுதாதீர்கள். இது டிசைன் எஃப்.எம்.இ.ஏ. டிராயிங்கை வெளியிடும் முன்பே இந்தக் குறையை எந்தச் சோதனை காட்டிக்கொடுக்கும் என்பதுதான் கேள்வி. ஷாஃப்ட்டில் மாவைப் பூசிக் காயவைத்து ஓட்டி, மேலே தண்ணீர் ஊற்றி, கீழே டிஷ்யூ பேப்பர் நனைகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்ப்பது ஒரு சோதனை. நடவடிக்கைக் கட்டத்தில் ‘துடைக்கச் சொல்லி மேனுவலில் போடுவோம்’ என்பதையும் நான் ஏற்கமாட்டேன். ஷாஃப்ட்டைச் சுற்றி அடித்தட்டில் ஒரு மேடான வளையம் கொடுத்தால் சிந்துவது சீல் பக்கமே வராது. வடிய ஒரு துளையை மோட்டாருக்கு எட்டாத பக்கத்தில் வையுங்கள். சோதனை முடிந்தபின் மறுபடி மார்க் போடுங்கள். வாய்ப்பு குறையலாம். ஷாக் ஷாக்தான் என்பதால் தீவிரம் 10 அப்படியே நிற்கும்.

46 பாயின்ட்டும் 46 வரியாக வரவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில சீட்டு ஐந்து வரிகளில் தலைகாட்டும், சில சீட்டு தேவைப் பட்டியலுக்குப் போய்விடும். வரி எழுதும்போது சீட்டு எண்ணையும் பக்கத்தில் குறித்துக்கொண்டால் எதுவும் விடுபடாது. அப்புறம், அடுத்த கூட்டத்துக்கு உங்கள் சர்வீஸ் மெக்கானிக்கைக் கட்டாயம் கூப்பிடுங்கள். வரும்போது கழற்றிப் போட்ட பழைய சீல், பேரிங் எல்லாவற்றையும் ஒரு டப்பாவில் எடுத்துவரச் சொல்லுங்கள்.