இறகில் வளர்ந்தது புது இனமா?

கேள்வி: கே.ஆர்.பி. அணைக் கரையில் உதிர்ந்து கிடந்த கொக்கு இறகிலிருந்து ஒரு பாக்டீரியாவை வளர்த்தோம். அதன் 16எஸ் மரபணு (பாக்டீரியா இனங்களை அடையாளம் காண ஒப்பிடும் மரபணு) வரிசை, அறிந்த இனங்களோடு 97.9% தான் ஒத்துப்போகிறது. புது இனம் என்று அறிவிக்கலாமா?
– நுண்ணுயிரியல் மாணவி, கிருஷ்ணகிரி

பதில்: புது இனமாக இருக்கலாம் என்பதற்கு 16எஸ் வரிசையில் வைக்கும் எல்லையான 98.7 சதவீதத்துக்குக் கீழே இருப்பதால் ஆவல் எழுவது நியாயம்தான். ஆனால் முதலில் குரோமட்டோகிராமை, அதாவது டி.என்.ஏ. எழுத்துகளை நிற முகடுகளாகக் காட்டும் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். வரிசை நெடுகப் பல இடங்களில் இரண்டு நிற முகடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருந்தால், தட்டில் இரண்டு பாக்டீரியாக்கள் கலந்திருக்கக்கூடும். தனிக் காலனியை எடுத்து மூன்று முறையாவது புதுத் தட்டில் கோடிழுத்துத் தூய்மையாக்குங்கள். மரபணுவை ஒரு முனையிலிருந்து மட்டும் படித்திருந்தால், சுமார் 800 எழுத்துகளுக்குப் பின் முகடுகள் மங்கிப் பிழை மலியும். அந்தப் பிழையே சதவீதத்தைக் கீழே இழுத்துவிடும். 27எஃப், 1492ஆர் பிரைமர்களால் (படிப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகள்) இருபுறமும் படித்து, 1,400 எழுத்துகளுக்கு மேல் சேர்த்த பிறகு டைப் ஸ்ட்ரெய்ன்களோடு (ஒவ்வோர் இனத்துக்கும் அடையாளமாக வைத்திருக்கும் மூல மாதிரிகள்) ஒப்பிடுங்கள்.

அப்போதும் குறைவாகவே வந்தால் முழு ஜீனோமை, அதாவது பாக்டீரியாவின் மொத்த டி.என்.ஏ.வையும் படிக்க வேண்டும். நெருங்கிய இனங்களோடு ஏ.என்.ஐ. (இரு ஜீனோம்களின் எழுத்துகள் சராசரியாக எவ்வளவு ஒத்துள்ளன என்ற அளவு) மதிப்பு 95–96 சதவீதத்துக்குக் கீழேயும், டிஜிட்டல் டி.என்.ஏ. ஹைப்ரிடைசேஷன் (ஜீனோம்களின் ஒப்புமையைக் கணினியில் கணிக்கும் இன்னொரு அளவு) 70 சதவீதத்துக்குக் கீழேயும் இருந்தால்தான் வாதம் நிற்கும். 16எஸ் 99% ஒத்தும் ஜீனோமில் தனி இனமாகப் பிரிந்தவை உண்டு.

எங்களை அதிகம் உறுத்துவது வேறொன்று. கரையில் கிடந்த இறகில் மண்ணும் அணைத் தண்ணீரும் ஒட்டியிருக்கும். அது பறவையில் வாழும் பாக்டீரியா என்று எப்படிச் சொல்வீர்கள்? அதே இடத்து மண், தண்ணீர், இறகு தொடாத வெறும் சலைன் (உப்புக் கரைசல்) மூன்றையும் உடன் வளர்த்து, அதே பாக்டீரியா அவற்றிலும் வருகிறதா என்று பாருங்கள். இறகை 0.85% சலைனில் இரண்டு முறை அலசிவிட்டுத் தட்டில் இடுங்கள். பறவையின் உடற்சூடு 40 டிகிரியை ஒட்டியது. அந்தச் சூட்டில் வளர்கிறதா என்று அறிய, 30, 37, 42 டிகிரிகளில் வளர்ச்சியைச் சோதியுங்கள். வேறு சில கொக்குகளிலும் அதே பாக்டீரியா கிடைத்தால்தான் நம்பிக்கை வரும். உயிருள்ள பறவையைப் பிடித்து ஸ்வாப் எடுப்பதானால், தலைமை வனஉயிரினக் காப்பாளரின் அனுமதி முதலில்.

பெயர் முறைப்படி ஏற்கப்பட, டைப் ஸ்ட்ரெய்ன் இரண்டு நாடுகளின் சேமிப்பு மையங்களில் இருக்க வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்புமுன் சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தின் விதிகளைப் பாருங்கள். அதுவரை 20% கிளிசராலில் ஐந்தாறு குப்பிகளாக, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒரே அகார் தட்டை நம்பியிருந்தால், அது காய்ந்ததும் ஆய்வும் போய்விடும்.