லைசென்ஸ் வந்தாச்சு, மெடிக்கெய்ட் எப்போது?

தம்பி, நீங்கள் கேட்டதைச் சுருக்கினால் இவ்வளவுதான்: டெக்சாஸ் ஃபிசியோதெரபி லைசென்ஸ் வந்து மூன்று வாரம் ஆகிறது. கிளினிக்குக்கு வரும் குழந்தைகளில் பாதிக்கு மேல் மெடிக்கெய்ட், அதாவது வருமானம் குறைந்தவர்களுக்கான அரசுக் காப்பீடு. அதில் உங்கள் பெயரில் இன்னும் பதிவு ஆகவில்லை. மேனேஜரோ, "அதுவரை இன்னொரு தெரபிஸ்ட் நம்பரில் பில் போட்டுக்கலாம், நீ பார்க்க ஆரம்பி" என்கிறார். செய்யலாமா, பதிவுக்கு எவ்வளவு நாள் ஆகும்?

முதல் கேள்விக்குப் பதில்: வேண்டவே வேண்டாம். குழந்தையைப் பார்த்தவர் ஒருவர், பில்லில் இருப்பவர் இன்னொருவர் என்றால் அது பொய் பில். மாட்டினால் மேனேஜரோடு நீங்களும் மாட்டுவீர்கள். மத்திய அரசின் விலக்கல் பட்டியலில் பெயர் ஏறிவிட்டால், மெடிக்கெய்டோ, முதியோருக்கான மெடிகேரோ பணம் தரும் எந்த வேலையையும் தொட முடியாது. இந்தத் தொழிலில் அந்தப் பணம் வராத கிளினிக் எத்தனை இருக்கிறது? "பதிவு வரும்வரை சம்பளம் இல்லை" என்று மிரட்டினாலும் பயப்படாதீர்கள். எச்1பி என்ற வேலை விசாவில் சேர்த்துவிட்டு, நோயாளி ஒதுக்கவில்லை என்று சம்பளத்தை நிறுத்த முதலாளிக்கு உரிமை கிடையாது. அதுவரை கையிலிருந்து பணம் கட்டி வருபவர்களைப் பாருங்கள், மற்ற குழந்தைகளின் அறையில் சீனியரோடு உட்கார்ந்து கற்றுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது கேள்வியில் உங்களுக்கு ஒரு குழப்பம் இருக்கிறது. எனக்கும் இருந்தது. மெடிக்கெய்டுக்கு இங்கே வாசல் ஒன்றல்ல, இரண்டு. முதலாவது மாநிலத்தில் செய்யும் பதிவு. டெக்சாஸில் மாநிலத்துக்காக அதை டிஎம்எச்பி என்ற அமைப்பு நடத்துகிறது. பெம்ஸ் என்ற இணையதளத்தில் விண்ணப்பம். கிளினிக்குக்கு ஒரு என்பிஐ எண் (சிகிச்சை தருபவர்களுக்கு மத்திய அரசு தரும் அடையாள எண்), உங்களுக்குத் தனியாக ஒன்று. உங்களை அந்தக் குழுவின் கீழ் 'பெர்ஃபார்மிங் புரொவைடர்', அதாவது சிகிச்சை செய்பவர், என்று இணைப்பார்கள். இரண்டாவது கிரெடென்ஷியலிங், அதாவது தகுதிச் சரிபார்ப்பு. ஸ்டார், ஸ்டார் கிட்ஸ் என்ற மெடிக்கெய்ட் திட்டங்களில் உள்ள குழந்தைகளுக்குக் கார்டு கொடுப்பது சுப்பீரியர், மோலினா மாதிரியான காப்பீட்டுக் கம்பெனிகள். இவற்றைத்தான் 'பிளான்' என்போம். அவை ஒவ்வொன்றும் உங்கள் படிப்பு, லைசென்ஸ், வேலை வரலாறு, தொழில்முறைக் காப்பீடு எல்லாவற்றையும் சரிபார்த்து ஏற்றுக்கொள்ள வேண்டும். முதல் வாசலைத் தாண்டாமல் இரண்டாவதில் நுழைய முடியாது. 2018 முதல் மத்திய சட்டமே அப்படி.

என் மாநிலப் பதிவு வந்த அன்று மைசூர்பாகு செய்து கிளினிக்குக்கு எடுத்துப் போனேன். பில்லிங் பார்க்கும் அம்மா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டே, "நல்லது, இனி பிளான்களுக்கு அனுப்ப ஆரம்பிக்கலாம்" என்றார். அதன் பிறகு இன்னும் மூன்று மாதம் ஆனது. மொத்தம் ஐந்து மாதம். அதில் ஒன்றரை மாதம் என் பெயரால் போனது.

இதைத்தான் நம் ஊர்க்காரர்களுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டும். நமக்கு இனிஷியல் உண்டு, குடும்பப்பெயர் கிடையாது. என் டிகிரியில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்தும் புள்ளியும். பாஸ்போர்ட்டில் அந்த எழுத்து விரிந்து அப்பா பெயரானது. லைசென்ஸில் அப்பா பெயர் கடைசியில். என்பிஐ எடுத்தபோது அவசரத்தில் அதே பெயரை ஓர் 'எச்' குறைத்து அடித்துவிட்டேன். எனக்கு நாலும் ஒரே ஆள். கம்ப்யூட்டருக்கு நாலு பேர். விண்ணப்பம் 'குறைபாடு' என்று திரும்பியது, அந்தத் தகவல் கிளினிக்கின் பொது இமெயிலில் மூன்று வாரம் யாரும் திறக்காமல் கிடந்தது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் காலியாக இருப்பவர்களுக்கு விசாவில் 'எஃப்என்யூ' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகும். அது சோஷியல் செக்யூரிட்டி கார்டிலும் ஒட்டிக்கொண்டிருந்தால் முதலில் அதைத் திருத்துங்கள். பிறகு லைசென்ஸ், என்பிஐ, சிஏகியூஎச் (அது என்ன என்று கீழே சொல்கிறேன்), காப்பீடு என்று எல்லாவற்றிலும் அதே எழுத்து, அதே வரிசை, அதே முகவரி. எல்லாவற்றையும் மேசையில் வரிசையாக வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். நீங்கள் உயிரோடு இருக்கிறீர்களா என்று இறந்தோர் பட்டியலில்கூடத் தேடுவார்கள் தம்பி, விளையாட்டில்லை.

என்பிஐ இலவசம், 10 இலக்கம். அதற்குப் பணம் கேட்பவனிடம் போகாதீர்கள். கூடவே டாக்ஸானமி கோடு, அதாவது உங்கள் தொழிலைக் குறிக்கும் குறியீடு, தேர்ந்தெடுக்க வேண்டும். ஃபிசியோவுக்கு 225100000, கடைசியில் எக்ஸ்.

சிஏகியூஎச் என்பது பிளான்கள் உங்கள் விவரங்களை எடுத்துக்கொள்ளும் பொதுக் களஞ்சியம். 120 நாளுக்கு ஒருமுறை உள்ளே போய், எல்லாம் சரி என்று உறுதி சொல்ல வேண்டும். மறந்தால் விண்ணப்பம் அப்படியே நின்றுவிடும். போனில் நினைவூட்டல் வையுங்கள். வேலை வரலாற்றில் ஆறு மாதத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் காரணம் கேட்பார்கள். நான் எச்4 என்ற சார்பு விசாவில் இரண்டு வருடம் வீட்டில் இருந்ததை எழுதக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன், அதுவும் திரும்பி வந்தது. "வேலை செய்ய விசா அனுமதியில்லை" என்ற ஒற்றை வரி போதுமாக இருந்தது. ஊரில் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த மாதங்களையும் தேதியோடு போடுங்கள்.

இன்னொன்று, பில் மோசடி நடக்கும் வாய்ப்பை வைத்துப் பிரிக்கும்போது ஃபிசியோதெரபி 'நடுத்தர ஆபத்து' வகையில் வருகிறது. அதனால் சொல்லாமல் கொள்ளாமல் ஆள் வந்து கிளினிக்கைப் பார்ப்பார். அது சம்பிரதாயம்தான், பலகை தொங்குகிறதா, உண்மையில் அங்கே வேலை நடக்கிறதா என்பதுதான் அவர்கள் கேள்வி.

அனுமதிக் கடிதம் வந்ததும் முதலில் தேடவேண்டியது நடைமுறைக்கு வரும் தேதி. மாநிலத்துக்கு ஒரு தேதி, ஒவ்வொரு பிளானுக்கும் ஒரு தேதி. ஒரு பிளானில் வந்துவிட்டது என்று இன்னொரு பிளான் குழந்தையைப் பார்த்துவிட்டால் அந்த மணிநேரத்துக்குக் காசு வராது. அதைத் தாயிடம் கேட்கவும் கூடாது: மெடிக்கெய்ட் கொடுப்பதுதான் முழுக் கட்டணம். டெக்சாஸில் சிகிச்சை நாளிலிருந்து 95 நாளுக்குள் பில் போக வேண்டும் என்பது பொதுவிதி. மாநிலப் பதிவையும் ஐந்து வருடத்துக்குள் மீண்டும் சரிபார்ப்பார்கள். கிளினிக் மாறினாலோ முகவரி மாறினாலோ அன்றே திருத்திவிடுங்கள்.

திங்கட்கிழமை மேனேஜரிடம் வாயால் கேட்காமல் இமெயிலில் கேளுங்கள்: பெம்ஸ் விண்ணப்பம் என்றைக்குப் போனது, அதன் எண் என்ன, குறைபாட்டுத் தகவல் யார் இமெயிலுக்கு வரும். பதில் வந்ததும் அந்த இமெயில் பட்டியலில் உங்கள் முகவரியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.