ஸ்டாக் குறைந்தால் சம்பளத்தில் பிடிக்கலாமா?

கேள்வி: கோவையில் ட்ரெக்கிங், கேம்பிங் பொருட்கள் விற்கும் கடையில் 14 மாதமாக சேல்ஸ்மேனாக இருக்கிறேன். சம்பளம் ரூ.17,000. மார்ச் மாத ஸ்டாக் கணக்கில் ரூ.46,000 குறைகிறதாம். நாங்கள் நான்கு பேர். ஆளுக்கு ரூ.11,500-ஐ இரண்டு மாதச் சம்பளத்தில் பிடிப்போம், சம்மதக் கடிதம் எழுதிக்கொடு, இல்லாவிட்டால் வேலை இல்லை என்கிறார் மேனேஜர். என்ன செய்வது?

பதில்: முதல் வேலையாக, அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். சட்டப்படி வர வேண்டிய சம்பளத்தை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தந்தாலும் அது செல்லாது. ஆனால் "என் கவனக்குறைவால் குறைந்தது" என்று ஒரு வரி அதில் இருந்தால், அதையே ஒப்புதலாகக் காட்டுவார்கள். இப்படிப்பட்ட வழக்குகள் பலவீனமாவது அங்கேதான்.

2025 நவம்பர் 21 முதல் அமலில் உள்ள ஊதியச் சட்டத் தொகுப்பின் 18-வது பிரிவு, பொருள் இழப்புக்காகச் சம்பளத்தில் பிடிக்க அனுமதிக்கிறது. ஆனால் அந்தப் பொருள் வெளிப்படையாக உங்கள் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும். இழப்பு நேரடியாக உங்கள் கவனக்குறைவால் வந்திருக்க வேண்டும். கொக்கியில் தொங்கும் ஹெட்லேம்ப்பை எந்த வாடிக்கையாளரும் எடுத்துப் பார்க்கலாம். அது உங்களிடம் ஒப்படைத்த பொருள் ஆகாது. பூட்டிய கண்ணாடி அலமாரியின் சாவியை உங்களிடம் கையெழுத்து வாங்கித் தந்திருந்தால் நிலைமை வேறு. மொத்தத்தை நான்கால் வகுத்ததே, யார் தவறு என்று கடை கண்டுபிடிக்கவில்லை என்பதற்குச் சாட்சி.

பிடிப்பதற்கு முன் விளக்கம் சொல்ல வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது 21-வது பிரிவு. "பாதிச் சம்பளத்துக்குள்தானே பிடிக்கிறோம்" என்பார்கள். மாதம் ரூ.5,750 என்பது 50 சதவீத வரம்புக்குள் வருவது உண்மைதான். ஆனால் அந்த வரம்பு சரியான பிடித்தத்துக்கு மட்டுமே. தவறான பிடித்தத்தை அது சரியாக்காது.

இன்றே மேனேஜருக்கு எழுத்தில் கேளுங்கள்: "எந்தெந்தப் பொருள், எத்தனை குறைகிறது என்ற பட்டியல், சரக்கு வரவு ரசீதுகள், பிற கிளைக்கு அனுப்பிய குறிப்புகள் ஆகியவற்றைத் தரவும். அதுவரை பிடித்தத்துக்கு நான் சம்மதிக்கவில்லை." மெயிலிலும் ஸ்பீட் போஸ்ட்டிலும் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பட்டியல் வந்ததும் வரிவரியாகப் பாருங்கள். 50 லிட்டர் பையை 60 லிட்டர் பார்கோடில் பில் போட்டிருந்தால் ஒன்றில் கூடும், இன்னொன்றில் குறையும். டெமோவுக்கு விரித்த டென்ட், ஜோடியில் ஒன்றை மட்டும் ஷெல்ஃபில் வைத்ததால் தனியே கிடக்கும் மற்றொரு ஷூ, ரிட்டர்ன் வந்து ஸ்டாக்கில் ஏறாத ஸ்லீப்பிங் பேக் என்று குறைந்ததாகச் சொல்லும் பொருள் கடைக்குள்ளேயே இருக்கலாம்.

மீறிப் பிடித்தால், சம்பள ரசீது, வங்கிக் கணக்கு விவரம், மேனேஜரின் வாட்ஸ்அப் செய்திகளுடன் தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். கோருவதற்குக் காலவரம்பு 3 ஆண்டுகள். பிடித்த தொகையுடன், அதன் 10 மடங்கு வரை இழப்பீடும் கிடைக்கலாம். நால்வரும் சேர்ந்து கொடுத்தால் இன்னும் வலு.

வேலையை விட்டு நிறுத்தினால்? ராஜினாமாக் கடிதம் மட்டும் எழுதித் தந்துவிடாதீர்கள். 6 மாதத்துக்கு மேல் தொடர்ந்து பணியாற்றியவரை, தக்க காரணமும் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ இன்றி நீக்கக்கூடாது என்கிறது தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தின் 41-வது பிரிவு. திருட்டுப் பழி சுமத்தி நோட்டீஸ் இல்லாமல் நீக்க வேண்டுமென்றால் முறையான விசாரணை நடத்தியிருக்க வேண்டும். நீக்க உத்தரவு கைக்கு வந்த 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். உத்தரவு வந்த கவரையும் தூக்கிப் போடாதீர்கள், தேதிக்கு அதுதான் ஆதாரம்.