ஜிம் வாசலில் தயக்கமா?

கேள்வி: வயது 46. ஜிம்முக்குப் பணம் கட்டியும் உள்ளே போகக் கூச்சமாக இருக்கிறது. எல்லோரும் என்னையே பார்ப்பார்களோ?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: பார்க்க மாட்டார்கள் அம்மா. அவரவர் பார்வை சுவர்க் கண்ணாடியில்தான் இருக்கும். காலை ஏழு, இரவு எட்டு வேண்டாம். லோக்கல் ட்ரெயினுக்கு முன்னும் பின்னும் வருகிற ஆபீஸ் கூட்டம் அது. காலை பதினொரு மணிக்கு மேல் போங்கள், மூச்சுவிட இடம் கிடைக்கும். முட்டிவலி, பிபி இருந்தால் டிரெய்னரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஓடும் பட்டைமேல் நடக்கிற மெஷினான டிரெட்மில்லில் கயிற்றோடு ஒரு கிளிப் தொங்கும். அதைச் சட்டையில் மாட்டிக்கொண்டால், தடுமாறினாலும் கயிறு இழுபட்டு மெஷின் நின்றுவிடும். இரண்டு ஓரத்திலும் கால் வைத்து நின்று, பட்டை மெதுவாக ஓடத் தொடங்கிய பிறகே அதில் ஏறுங்கள். நடை வேகமே போதும். எடை மாட்டித் தூக்குகிற பெரிய கம்பியைத் தொடாதீர்கள், வெறும் கம்பியே 20 கிலோ இருக்கும். அப்புறம், கையில் பிடித்துத் தூக்குகிற 2 கிலோ டம்பெல் கேட்டு வாங்க வெட்கமே படாதீர்கள்.