சினிமாவைப் பட்டப்படிப்பாகப் படித்தால் தொழில் கைவருமா?

பிளஸ் டூ முடித்தவர் சினிமாவைச் செய்முறையோடு பட்டப்படிப்பாகக் கற்க முடியுமா, நேரே உதவி இயக்குநராகச் சேர்வது மேலா என்று கேட்டிருக்கிறீர்கள். கற்க முடியும். சென்னை தரமணியிலுள்ள தமிழ்நாடு அரசு எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்தில் ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு, படத்தொகுப்பு, இயக்கம் போன்ற துறைகளில் 4 ஆண்டு இளங்கலைப் படிப்பு உண்டு.

படப்பிடிப்புத் தளத்தில் தவறு செய்து பார்க்க யாரும் அவகாசம் தரமாட்டார்கள். கல்லூரி தரும், அதுவே அதன் பெரிய கொடை என்பேன். உதாரணமாக, பழைய சோக் வைத்த டியூப்லைட் வெளிச்சத்தில், நொடிக்கு 24 ஃபிரேம் (தனிப்படம்) வேகத்தில், 180 பாகை ஷட்டரில், அதாவது ஒவ்வொரு ஃபிரேமுக்கான நேரத்தில் பாதி மட்டும் கேமராவுக்குள் வெளிச்சம் போகும்படி எடுத்தால், படம் மெல்லத் துடிக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் விளக்கின் வெளிச்சம் நொடிக்கு 100 முறை ஏறி இறங்குகிறது, ஷட்டரை 172.8 பாகைக்கு மாற்றினால் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் சரியாக 1/50 நொடி, அதாவது இரண்டு முழு ஏற்ற இறக்கங்களின் வெளிச்சம் சமமாகக் கிடைத்து, துடிப்பு நின்றுவிடும். அந்த எண்ணைத் தளத்தில் பார்த்தே மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் காரணம் புரிந்தவரே 60 ஹெர்ட்ஸ் நாட்டில் படமெடுக்கும்போது தடுமாறாமல் இருப்பார்.

எங்கு சேர்வதாக இருந்தாலும், ஒரு மாணவர் கையில் கேமரா ஆண்டுக்கு எத்தனை நாள் இருக்கும் என்பதை அங்கே படிப்பவர்களிடமே விசாரியுங்கள்.