விர்ச்சுவல் பின்பால் கேபினெட்டில் நிஜ மெஷினின் சத்தம்: கேள்வி பதில்

பின்பால் மெஷின் பெட்டியில் விளையாட்டுப் பலகைக்குப் பதில் திரையை வைத்துக் கம்ப்யூட்டரில் ஆடுவதுதான் விர்ச்சுவல் பின்பால். அதற்கான கேபினெட்டை வீட்டிலேயே கட்டுகிறவர்கள் அனுப்பிய கேள்விகள் இவை. திரையில் படம் பிரமாதமாக வந்துவிட்டது, ஆனால் கையில் மெஷின் இருக்கிற உணர்வு மட்டும் வரவில்லை என்பதுதான் பலருடைய குறை. அந்தக் குறையைத் தீர்ப்பது பெரும்பாலும் சத்தம்தான்.

கேள்வி: பேக்பாக்ஸில் (பின்னால் நிமிர்ந்து நிற்கும் பெட்டி) ஏற்கெனவே இரண்டு நல்ல ஸ்பீக்கர் வைத்திருக்கிறேன். எல்லாரும் எஸ்எஸ்எஃப், எஸ்எஸ்எஃப் என்கிறார்கள். அது எனக்கும் வேண்டுமா?

வேண்டும். நிஜ மெஷினில் இரண்டு வகைச் சத்தம் உண்டு. பாட்டு, பேச்சு, பாயின்ட் ஏறும் ஒலி எல்லாம் ஸ்பீக்கரில் வரும். பந்தைத் தட்டிவிடும் ஃப்ளிப்பர் அடிப்பது, பட்ட பந்தை பம்பர் உதைப்பது, இரும்புப் பந்து மரத்தில் உருள்வது, இவை எந்த ஸ்பீக்கரிலும் வருவதில்லை. அந்தந்த இடத்தில் இருக்கிற காயிலும் (மின்காந்தச் சுருள்) மரமும்தான் அந்தச் சத்தத்தை எழுப்புகின்றன. இடது ஃப்ளிப்பரின் காயில் உங்கள் இடது கைக்குக் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கிறது. அது அடிக்கும்போது காது கேட்கிற அதே நேரம் உள்ளங்கையும் உணர்கிறது.

உங்கள் கேபினெட்டில் இந்த இரண்டு வகையும் ஒரே ஜோடி ஸ்பீக்கரிலிருந்து, அதுவும் முகத்துக்கு நேரே வருகின்றன. பந்து கைக்குக் கீழே இருக்கிறது, சத்தம் நெற்றிக்கு எதிரில் கேட்கிறது. மூளை இதை ஒப்புக்கொள்வதில்லை. எஸ்எஸ்எஃப், அதாவது சரவுண்ட் சவுண்ட் ஃபீட்பேக், செய்வது இந்த இரண்டையும் பிரிப்பதைத்தான். 7.1 சவுண்ட் கார்டின் முன் ஜோடி சேனலை இசைக்கு விட்டுவிட்டு, பக்க, பின் ஜோடிகள் இரண்டையும் கேபினெட்டின் நான்கு மூலைகளுக்கு அனுப்புகிறோம். அங்கே ஸ்பீக்கருக்குப் பதில் எக்ஸைட்டர். ஸ்பீக்கரில் இருக்கிற அதே காயிலும் காந்தமும் இதிலும் உண்டு, கூம்பு மட்டும் கிடையாது. எந்தப் பலகையில் ஒட்டுகிறோமோ அந்தப் பலகையே கூம்பு வேலையைச் செய்யும். அதனால்தான் சத்தம் மரத்திலிருந்து வருகிறது, கைக்கும் போய்ச் சேருகிறது.

கேள்வி: எக்ஸைட்டரை எந்த இடத்தில் பொருத்துவது? அளவு சொல்லுங்கள் சார்.

அளவு சொன்னால் உங்களுக்குத்தான் கெடுதல். பலகையின் தடிமன், குறுக்குச் சட்டங்கள், டிவி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பதையெல்லாம் பொறுத்து இடம் மாறும். பொதுவான விதி இவ்வளவுதான்: பக்கச் சுவர்களின் உள்பக்கம், ஃப்ளிப்பர் இருக்கிற மட்டத்துக்கு நேராக ஒரு ஜோடி, பேக்பாக்ஸுக்கு அருகே இன்னொரு ஜோடி. பலகையின் நட்டநடுவைத் தவிர்த்துவிடுங்கள். அங்கே சில அலைவரிசைகள் மட்டும் தூக்கலாகக் கேட்கும்.

அப்புறம் ஒரு முக்கியமான வேலை. ஒட்டுவதற்கு முன், டேபிளை (கம்ப்யூட்டரில் உள்ள ஒரு பின்பால் ஆட்டம்) ஓடவிட்டு எக்ஸைட்டரைக் கையாலேயே பலகையில் அழுத்திப் பிடித்துக் கேளுங்கள். நாலு விரல் இடம் நகர்த்தினாலே சத்தத்தின் குணம் மாறுவது தெரியும். ஒரு இடத்தில் பெட்டி மாதிரி குடைந்து கேட்கும், கொஞ்சம் தள்ளினால் தெளிவாக இருக்கும். நல்ல இடம் கிடைத்ததும் பென்சிலால் குறித்துவிட்டு அப்புறம் பொருத்துங்கள். இந்த ஒரு சோதனைக்குச் செலவிடுகிற மாலை நேரம், விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபையர் வாங்குவதைவிட அதிகப் பலன் தரும்.

கேள்வி: ஒட்டும் பட்டையோடு வந்த எக்ஸைட்டர் கொஞ்ச நாளில் கழன்று விழுந்துவிட்டது. சுத்தமாகத் துடைத்துத்தான் ஒட்டினேன்.

பூச்சு எதுவும் இல்லாத வெறும் பலகையில் ஒட்டினால் அப்படித்தான் ஆகும். எம்டிஎஃப்பாக இருந்தாலும் ப்ளைவுட்டாக இருந்தாலும் அந்த இடத்தில் முதலில் சீலர் அல்லது வார்னிஷ் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். திருகு போடும் துளைகள் உள்ள எக்ஸைட்டர் என்றால் திருகையும் சேர்த்துப் போடுங்கள். பின்னால் தொங்கும் காந்தத்தின் எடையும் விடாத அதிர்வும் சேர்ந்துதான் பட்டையைப் பிரிக்கின்றன.

கேள்வி: என் மதர்போர்டில் பின்னால் மூன்று ஆடியோ துளைதான் இருக்கிறது. 7.1 வருமா?

சில போர்டுகளில் முன்பக்கப் பேனல் துளையையும் ஒரு வெளியீடாக மாற்றி 7.1 எடுக்கலாம். அதோடு மல்லுக்கட்டுவதைவிட யுஎஸ்பியில் இயங்கும் தனி 7.1 சவுண்ட் கார்டு ஒன்றை வாங்கிவிடுவது நல்லது.

விண்டோஸில் ஸ்பீக்கர் அமைப்பை 7.1 என்று வைத்து, எல்லா ஸ்பீக்கரையும் முழு வீச்சு என்று குறியுங்கள். ஒலி மேம்பாடு, ஸ்பீக்கர் நிரப்புதல் போன்ற வசதிகள் அத்தனையையும் அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இசை எக்ஸைட்டருக்குள் கசியும். ஆட்டத்தை இயக்கும் விஷுவல் பின்பால் எக்ஸ் மென்பொருளின் ஆடியோ அமைப்பில் டேபிள் சத்தத்துக்கும் பேக்கிளாஸ் (பேக்பாக்ஸின் முகப்பு) சத்தத்துக்கும் தனித்தனியாகச் சாதனம் தேர்ந்தெடுக்க இடம் உண்டு. பக்கச் சேனலை ஃப்ளிப்பர் பக்கத்துக்கும் பின் சேனலைப் பேக்பாக்ஸ் பக்கத்துக்கும் கொடுங்கள். ஒரு பந்தை மேலிருந்து மெதுவாக உருளவிட்டுக் கேட்டாலே தலைகீழாக மாட்டியிருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

கேள்வி: எல்லாம் மாட்டியாயிற்று. ஆனால் விடாமல் 'ம்ம்ம்' என்று ஒரு இரைச்சல். கிராஃபிக்ஸ் கனமாகும்போது கீச்சென்ற சத்தமும் கேட்கிறது.

முதலாவது கிரவுண்ட் லூப், அதாவது கருவிகளின் எர்த் இணைப்புகள் சேர்ந்து வளையமாகிவிடுவது. இரண்டாவது கம்ப்யூட்டரின் மின்சாரம் வழியாக ஏறி வருகிறது. ஆம்ப்ளிஃபையருக்குக் கம்ப்யூட்டரின் பவர் சப்ளையிலிருந்தே 12 வோல்ட் எடுத்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதற்குத் தனி அடாப்டர் கொடுங்கள். டிபிஏ3116 சிப்பில் வருகிற சிறிய ஆம்ப்ளிஃபையர் போர்டு என்றால் 24 வோல்ட் அடாப்டர் தாராளமாகப் போதும். அதற்குப் பிறகும் இரைச்சல் இருந்தால் ஆடியோ வயரின் நடுவே கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் ஒன்றைச் செருகுங்கள். ஒரே ஒரு எச்சரிக்கை: இரைச்சலைப் போக்குகிறேன் என்று மின் பிளக்கின் எர்த் இணைப்பைத் துண்டிக்கவே கூடாது. உயிருக்கு ஆபத்து.

கேள்வி: ஃப்ளிப்பர் சத்தம் அரை நொடி தாமதமாக வருகிறதே?

ப்ளூடூத், வயர்லெஸ் இணைப்பு ஏதாவது நடுவில் இருந்தால் எடுத்துவிடுங்கள். ஒலி மேம்பாடுகளையும் அணையுங்கள். பொத்தானை அழுத்துவதற்கும் சத்தத்துக்கும் இடையில்தான் தாமதமா, இல்லை படம் முந்திக்கொண்டு சத்தம் பின்தங்குகிறதா என்று பிரித்துப் பாருங்கள். படமும் சேர்ந்தே தாமதமானால் கோளாறு ஆடியோவில் இல்லை. டிவியை கேம் மோடில் வையுங்கள்.

கேள்வி: சோலனாய்டு, கான்டாக்டர் என்று மின்சாரத்தில் நிஜமாகவே தட்டும் கருவிகள் வைத்தால்தான் நிஜம், எக்ஸைட்டர் வெறும் ஏமாற்று என்று நண்பர் சொல்கிறார். உங்கள் கருத்து?

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. நிஜக் காயில் தருகிற அந்த முரட்டு அடியை எக்ஸைட்டரால் முழுமையாகத் தர முடியாது. ஆனால் சோலனாய்டு, பொருத்திய இடத்தில் மட்டும்தான் அடிக்கும். ஒரு டேபிளில் பம்பர் இடது மூலையில் இருக்கும், இன்னொன்றில் வலது மூலையில் இருக்கும். உங்கள் கான்டாக்டர் இரண்டுக்கும் ஒரே இடத்தில்தான் தட்டும், சத்தமும் ஒரே மாதிரிதான் இருக்கும். பந்து உருளும் ஒலியை எந்த சோலனாய்டும் தராது. எஸ்எஸ்எஃப்பின் உயிரே அந்த உருளும் ஒலிதான்: வேகம் கூடினால் ஏறும், பந்து நகர நகரக் கூடவே நகரும், பந்து ரேம்ப்பில் ஏறினால் மரத்திலிருந்து பிளாஸ்டிக்காக மாறும். அதைக் கேட்டுப் பழகிவிட்டால் அது இல்லாமல் விளையாட மனம் வராது.

அதனால் முதலில் எக்ஸைட்டர். பிறகு ஆசை இருந்தால் இரண்டே இரண்டு நிஜக் கருவிகள்: ரீப்ளே (இலவச ஆட்டம்) கிடைக்கும்போது பேக்பாக்ஸில் அடிக்கிற நாக்கர், மெஷினையே உலுக்குகிற ஷேக்கர் மோட்டார். இந்த இரண்டையும் எக்ஸைட்டரால் ஈடுகட்ட முடியாது. இவற்றை இயக்க டைரக்ட்அவுட்புட் ஃப்ரேம்வொர்க் (டிஓஎஃப்) என்ற மென்பொருள் வேண்டும். காயில் சுற்றுகளில் ஃப்யூஸும் எதிர்த்திசை டயோடும் கட்டாயம். மென்பொருள் நடுவில் உறைந்து போனாலும் மின்சாரம் தானாக நிற்கும்படி நேர வரம்பும் வேண்டும். நாக்கர் காயிலில் மின்சாரம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் சில விநாடிகளிலேயே சூடேறிக் கருகத் தொடங்கிவிடும்.

கேள்வி: எக்ஸைட்டர், சோலனாய்டு இரண்டும் வைத்திருக்கிறேன். ஃப்ளிப்பர் சத்தம் இரண்டு முறை கேட்கிறது.

விஷுவல் பின்பாலில் விசைகள், நட்ஜ், டிஓஎஃப் அமைக்கிற பக்கத்துக்குப் போங்கள். ஒவ்வொரு கருவிக்கும் சத்தம் மட்டுமா, டிஓஎஃப் மட்டுமா, இரண்டுமா என்று கேட்கும். நிஜக் கருவி இருக்கிறவற்றுக்கு டிஓஎஃப் மட்டும் போதும்.

கேள்வி: சில டேபிள்களில் சத்தம் இடம் வலம் மட்டும் நகர்கிறது, முன்னும் பின்னும் நகரவில்லை. எக்ஸைட்டர் கெட்டுவிட்டதா?

இல்லை, டேபிள் பழையது. ஸ்கிரிப்டில் சத்தத்தை ஒலிக்கச் செய்கிற கட்டளையிலேயே இட வலத்துக்கு ஒரு மதிப்பும் முன் பின்னுக்கு இன்னொரு மதிப்பும் இருக்கும். பழைய டேபிள்களில் இரண்டாவதை எழுதியிருக்க மாட்டார்கள். புதிய பதிப்பு இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். ஸ்கிரிப்ட் படிக்கத் தெரிந்தவர் என்றால் நீங்களே சேர்த்துவிடலாம்.

கேள்வி: பேஸ் ஷேக்கர் அவசியமா? இரவில் விளையாடுவது வழக்கம்.

சிறிய எக்ஸைட்டர்கள் சுமார் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே சோர்ந்துபோகும். அந்த அடிநாதத்தை பேஸ் ஷேக்கர் நிரப்பும், ஆனால் அது தரை வழியாக அடுத்த அறைக்கும் போகும். இரவு ஆட்டம் என்றால் இப்போதைக்கு வேண்டாம். கால்களுக்கு அடியில் ரப்பர் திண்டு வையுங்கள்.

கேள்வி: எவ்வளவு சத்தம் வைத்தால் சரி? கூட்டினால் கேபினெட் முழுக்கக் கடகடக்கிறது.

முதலில் கடகடப்பைத் தேடிப் பிடியுங்கள். 30 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மெதுவாக ஏறும் ஒரு சோதனை ஒலியை ஓடவிட்டு, ஒவ்வொரு பாகமாகக் கையால் அழுத்திப் பாருங்கள். கண்ணாடி, பக்கத் தண்டவாளம், காசுக் கதவு, தொங்கும் வயர்க் கட்டு, இவற்றில் ஏதாவது ஒன்று அகப்படும். ஃபெல்ட் துணியோ ஃபோம் பட்டையோ வைத்தால் அடங்கிவிடும்.

அப்புறம் இசையை முழுவதும் அணைத்துவிட்டு உருளும் ஒலியை மட்டும் கேளுங்கள். மெதுவாகப் போகிற பந்து லேசாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஃப்ளிப்பர் அதைவிடப் பல மடங்கு உரக்க இருப்பது இயல்பு. கடைசியாக, ஃப்ளிப்பரை மூழ்கடிக்காத அளவுக்கு இசையை ஏற்றுங்கள். பலரும் முதலில் இசையை வைத்துவிட்டு அதற்குப் போட்டியாக எக்ஸைட்டரை ஏற்றுகிறார்கள். கடகடப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

கேள்வி: எனக்கு எழுபதுகளுக்கு முந்தைய எலெக்ட்ரோமெக்கானிக்கல் டேபிள்கள்தான் பிடிக்கும். அவற்றுக்கும் இதே அமைப்பு போதுமா?

அவற்றில்தான் இது இன்னும் அழகாக இருக்கும். அந்த மெஷின்களில் ஸ்பீக்கரே கிடையாது. மணி, சைம், ரிலே, ஸ்கோர் உருளை எல்லாமே நிஜப் பொருள்கள். அதனால் எந்தச் சத்தம் எங்கிருந்து வர வேண்டும் என்பது மட்டும் மாறும். ஸ்கோர் உருளைகள் பேக்பாக்ஸில் இருப்பவை. ஆகவே அந்தச் சத்தம் மேலே உள்ள ஸ்பீக்கரில்தான் வர வேண்டும். டேபிளின் சவுண்ட் மேனேஜரைத் திறந்து, உருளைச் சத்தம் ஒவ்வொன்றையும் பேக்கிளாஸ் வெளியீட்டுக்கு மாற்றுங்கள். சைமை மட்டும் கேபினெட்டிலேயே விடுங்கள். பெரும்பாலான மெஷின்களில் அது கீழ்ப்பெட்டிக்குள்தான் இருந்தது.